பெரும்பான்மை இல்லாத பிரதம மந்திரி

ஜனநாயக நாடுகளிலே ஒரு தலைவருடைய ஆற்றலை அவருடைய கட்சி வென்ற ஆசனங்களின் தொகையைக் கொண்டு அளக்கும் வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றிவிட்டது. தேர்தல் முடிவுகள் வெளியானதும், எத்தனை தொகுதிகள் கிடைத்தன, எத்தனை லட்சம் வாக்குகள் வித்தியாசம், எதிர்க்கட்சி எவ்வளவு தூரம் நொறுங்கிப் போயிற்று என்பவற்றையே எல்லோரும் கணக்கிடுகிறார்கள். எதிர்ப்புக் குரல் எழாத சபையே உறுதியான சபை என்றும், பிறருடைய ஆதரவை நாடி நிற்கும் சர்க்கார் எதையும் சாதிக்க முடியாத சர்க்கார் என்றும் முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த அபிப்பிராயம் சரிதானா என்று நிதானமாக ஆராய விரும்புகிறவர்கள், கனடா தேசத்தின் பிரதம மந்திரியாக 1963-ஆம் ஆண்டு முதல் 1968-ஆம் ஆண்டு வரை பதவி வகித்த லெஸ்டர் பியர்ஸனுடைய வரலாற்றை ஒருமுறை ஊன்றிப் படிக்க வேண்டும்.

அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு நாளேனும் பியர்ஸனுடைய லிபரல் கட்சிக்குப் பார்லிமெண்டில் சொந்தமாகப் பெரும்பான்மை இருந்ததில்லை. 265 அங்கத்தினர்கள் கொண்ட பொதுச் சபையில் 133 பேர் வேண்டியிருக்க, 1963-ஆம் வருஷத் தேர்தலில் அவருக்கு 130 இடங்கள்கூடக் கிடைக்கவில்லை. 1965-இல் மறுபடியும் ஜனங்களிடம் சென்று கேட்டபோது 131 இடங்களே கிடைத்தன. இருந்தபோதிலும், கனடா தேசத்தின் இன்றைய கொடி, முதியோருக்கான பென்ஷன் திட்டம், ஏழை பணக்காரர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் உரிய வைத்திய வசதி, மாணவர்களுக்கான கடன் உதவி, பிறப்பையும் நிறத்தையும் பாராமல் தகுதியை மட்டுமே நோக்கும் குடியேற்ற முறை ஆகிய இத்தனையும் அந்த ஐந்தாண்டுகளிலே உருவானவை. அவருக்கு முந்தியவரான ஜான் டீபன்பேக்கர் 1958-இல் 208 இடங்களை வென்று, அதுவரை அந்நாடு கண்டிராத பெரும்பான்மையோடு ஆட்சி நடத்தி, ஐந்தே ஆண்டுகளில், சொந்த மந்திரிகளின் பிணக்கும் சேர்ந்துகொள்ள, பதவியிழந்தார் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால், எண்ணிக்கைக்கும் சாதனைக்கும் இடையே நாம் கற்பித்துக்கொண்டிருக்கும் சம்பந்தம் அவ்வளவு உறுதியானதன்று என்பது விளங்கும்.

பியர்ஸன் 1897-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆந் தேதி, ஆன்டாரியோ மாகாணத்தில், இப்போது டொரான்டோ மாநகரத்தோடு கலந்துவிட்ட நியூட்டன்புரூக் என்ற இடத்தில் பிறந்தார். தகப்பனார் மெதடிஸ்ட் திருச்சபையின் போதகர். சபையின் உத்தரவுப்படி ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்த குடும்பம் அது. செல்வம் சேர வழியில்லாத, ஆனால் புத்தகத்துக்கும் பிரார்த்தனைக்கும் விளையாட்டுக்கும் குறைவில்லாத அந்த வீட்டிலே வளர்ந்த பிள்ளை, முதல் உலக யுத்தம் மூண்டபின், பதினெட்டு வயது நிரம்பிய நாட்களில் ராணுவ வைத்தியப் படையிலே சேர்ந்து, கிரீஸ் தேசத்து ஸலோனிகா முனையில் காயம்பட்டவர்களைச் சுமக்கும் பணியைச் செய்தான். பிறகு விமானப் படைக்கு மாறியபோது, லெஸ்டர் என்ற பெயர் போர் விமானிக்குப் பொருந்தாது என்று கருதிய அதிகாரி ஒருவர் ‘மைக்’ என்று வைத்த பெயரே நண்பர்களிடையே ஆயுள் முழுவதும் நிலைத்துவிட்டது. லண்டனில் விளக்கணைத்த இரவொன்றில் பஸ் மோதிக் காயமுற்றுத் தாயகம் திரும்பியவர், தம் தலைமுறையின் எண்ணற்ற இளைஞர்கள் மடிந்ததைக் கண்ட துயரத்தோடு திரும்பினார். சமாதானம் என்பதை மேடையிலே சொல்லும் அலங்கார வார்த்தையாக அவர் ஒருநாளும் கருதாமைக்கு இந்த அநுபவமே காரணம் என்று கொள்வது தவறாகாது.

ஆக்ஸ்போர்டில் சரித்திரம் பயின்று, டொரான்டோ சர்வகலாசாலையில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, 1928-இல் கனடாவின் வெளிவிவகார இலாகாவிலே அவர் சேர்ந்தார். விரல்விட்டு எண்ணத்தக்க அதிகாரிகளோடு அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த இலாகா அது. 1935 முதல் லண்டனில் இருந்தபோது ஐரோப்பா இரண்டாவது யுத்தத்தை நோக்கிச் சரிந்ததையும், பின்னர் ஜெர்மானிய விமானங்கள் அந்நகரத்தின் மீது குண்டு பொழிந்ததையும் அருகிலிருந்து பார்த்தார். 1945-இல் வாஷிங்டனில் கனடாவின் தூதராகி, ஐக்கிய நாடுகள் சபைக்கு அஸ்திவாரமிட்ட ஸான் பிரான்ஸிஸ்கோ மகாநாட்டிலும், உலக உணவு விவசாய ஸ்தாபனத்தை நிறுவிய முயற்சியிலும் பெரும் பங்கு கொண்டார். 1948-இல் அரசியலில் இறங்கி, ஆன்டாரியோவின் வடபகுதியிலுள்ள அல்கோமா கிழக்குத் தொகுதியின் பிரதிநிதியாகி, வெளிவிவகார மந்திரியானார். ஐக்கிய நாடுகள் சபையின் காரியதரிசிப் பதவிக்கு 1953-இல் அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, பாதுகாப்புச் சபையில் ஆதரவு மிகுந்திருந்தும், ஸோவியத் யூனியனின் ரத்து அதிகாரம் அதைத் தடுத்துவிட்டது.

அவருடைய ராஜதந்திரம் நம் நாட்டையும் தொட்டுச் சென்றதுண்டு. 1950-ஆம் ஆண்டு ஜனவரியில் காமன்வெல்த் வெளிவிவகார மந்திரிகள் கொழும்பு நகரிலே கூடி, ஆசிய நாடுகளின் பொருளாதார வளர்ச்சிக்கு வழிகோலிய கொழும்புத் திட்டத்துக்கு வித்திட்டபோது, நேருவோடு ஒரே கூடத்தில் அமர்ந்து ஆலோசித்தவர்களில் பியர்ஸனும் ஒருவர். அந்தத் திட்டத்தின் கீழ் வந்த கனடிய உதவியினாலேதான் நீலகிரி மலையில் குந்தா நீர்மின் நிலையங்கள் எழுந்தன. கொரியா யுத்தத்திலே சிறைப்பட்டவர்களின் கதி என்ன என்ற சிக்கலால் சமரசப் பேச்சு தடைப்பட்டு நின்ற 1952-ஆம் ஆண்டின் இறுதியில், கிருஷ்ண மேனன் கொண்டுவந்த இந்தியத் தீர்மானத்தை, அமெரிக்கா முதலிலே விரும்பாதிருந்தும், பொதுச் சபையின் தலைவராக அப்போது இருந்த பியர்ஸன் ஆதரித்து நின்றார். வல்லரசுகளின் நடுவே நடுத்தர நாடுகளுக்கும் ஒரு கடமை உண்டு என்ற நம்பிக்கை இருவரையும் பிணைத்திருந்தது.

அந்த நம்பிக்கைக்கு உரைகல்லாக அமைந்தது 1956-ஆம் ஆண்டின் ஸூயஸ் நெருக்கடி. ஜூலை மாதத்தில் எகிப்தின் தலைவர் நாஸர் ஸூயஸ் கால்வாயைத் தேசிய உடைமையாக்கினார். அக்டோபர் 29-ஆந் தேதி இஸ்ரேலியப் படைகள் ஸினாய்ப் பாலைவனத்தினுள் நுழைந்தன. இரண்டே நாட்களில் பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானங்கள் எகிப்தின் மீது குண்டு வீசின. பாதுகாப்புச் சபையில் இவ்விரு வல்லரசுகளும் தமது ரத்து அதிகாரத்தைப் பிரயோகிக்கவே, பொதுச் சபையின் அவசரக் கூட்டம் நியூயார்க்கிலே கூடியது. தாய்நாடாகப் பிரிட்டனைக் கருதிய ஆங்கிலக் கனடியர்கள் பலர் பிரிட்டனோடு நிற்க வேண்டும் என்று வற்புறுத்தினர். ஆசிய ஆப்பிரிக்க நாடுகளோ பிரிட்டனைக் கண்டிக்க வேண்டும் என்று கோரின. பியர்ஸன் யுத்த நிறுத்தத் தீர்மானத்தின் மீது வாக்களிக்காமல் ஒதுங்கி நின்று, அதற்குரிய காரணத்தைச் சபையிலே எடுத்துரைத்தார்: சண்டையை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் பழைய நிலைமைக்கே திரும்பினால் மறுபடியும் சண்டைதான் மூளும், அரசியல் தீர்வு காணும் வரையில் எல்லைகளிலே அமைதியைக் காக்க ஐக்கிய நாடுகளின் பெயரால் ஒரு படை நிற்க வேண்டும் என்பதே அவர் வாதம்.

முதலில் இந்த யோசனையிலே நம்பிக்கை கொள்ளாத காரியதரிசி டாக் ஹாமர்ஷீல்ட், பியர்ஸனோடு பேசிப் பேசி அதன் சாத்தியத்தை உணர்ந்தார். இரவு பகலாக ஒவ்வொரு நாட்டின் பிரதிநிதியிடமும் சென்று, ஒருவருக்கு உறுத்தும் சொல்லை நீக்கி, இன்னொருவருக்கு வேண்டிய சொல்லைச் சேர்த்து, நவம்பர் 4-ஆந் தேதி அதிகாலையில் பியர்ஸன் தமது தீர்மானத்தைச் சபை முன் வைத்தபோது, 57 நாடுகள் ஆதரித்தன. 19 நாடுகள் ஒதுங்கி நின்றன. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. கனடியரான ஜெனரல் பர்ன்ஸின் தலைமையில், இந்தியா உட்படப் பத்து நாடுகளின் போர்வீரர்களைக் கொண்ட சுமார் 6,000 பேர் அடங்கிய சமாதானப் படை எகிப்து எல்லையிலே நின்றது. படையெடுத்து வந்த மூன்று நாடுகளும் கௌரவத்தை முற்றிலும் இழக்காமல் விலகிச் செல்ல அதனால் வழி பிறந்தது. இதற்காக 1957-ஆம் ஆண்டின் நோபல் சமாதானப் பரிசு பியர்ஸனுக்கு அளிக்கப்பட்டது. எதிரிகள் இருவரையும் வெல்லவிடாமலும், இருவரையும் அவமானத்துக்கு உள்ளாக்காமலும், மூன்றாவது வழியொன்றை அவர்களே தங்கள் வழியென்று ஏற்கும்படி செய்த இந்தச் சாமர்த்தியமே பின்னாளில் தம் நாட்டுப் பார்லிமெண்டை நடத்திச் செல்ல அவருக்குக் கைகொடுத்தது.

உலகம் போற்றிய இந்தச் செயல் உள்நாட்டிலே அவருடைய கட்சிக்கு வாக்குகளைக் கொண்டுவரவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட லிபரல் கட்சி 1957 ஜூன் மாதத்தில் தோற்றது. 1958 ஜனவரியில் கட்சித் தலைவரான பியர்ஸன், பார்லிமெண்டில் தாம் நிகழ்த்திய முதல் முக்கியமான பிரசங்கத்திலேயே, டீபன்பேக்கரின் புதிய கன்ஸர்வேட்டிவ் அரசாங்கம் ராஜிநாமாச் செய்து தேர்தலின்றி லிபரல் கட்சியிடமே ஆட்சியை ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டுப் பெரும்பிழை செய்தார். டீபன்பேக்கர் அந்தப் பிழையைக் கைப்பற்றிக்கொண்டு ஜனங்களிடம் சென்றார். மார்ச் 31-ஆந் தேதி லிபரல் கட்சி ஐம்பது இடங்களுக்கும் குறைவாகச் சுருங்கியது. அரண்மனைகளிலும் மகாநாடுகளிலும் பழகிய அறுபது வயது ராஜதந்திரி, அந்தத் தோல்விக்குப் பின் ஐந்தாண்டுகள் எதிர்க்கட்சி ஆசனத்தில் அமர்ந்து, ஊர் ஊராகச் சுற்றி, அரசியலை அடியிலிருந்து கற்றார். 1960-இல் கிங்ஸ்டன் நகரிலே அறிஞர்களையும் கட்சியாளர்களையும் கூட்டி நடத்திய ஆலோசனையில்தான், அவருடைய ஆட்சியின் பிற்காலச் சமூகத் திட்டங்கள் பலவற்றுக்குக் கரு உண்டாயிற்று.

1963-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆந் தேதி அவர் பிரதம மந்திரியாகப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மே மாதத்தில், வின்னிபெக் நகரிலே கூடிய பழைய போர்வீரர்களின் மகாநாட்டுக்குத் தம் யுத்தப் பதக்கங்களை அணிந்து சென்று, பிரிட்டிஷ் சின்னம் பொறித்த பழைய கொடியின் கீழ்ப் போராடியவர்கள் முன்னிலையிலேயே, நாட்டுக்குப் புதிய கொடி வேண்டும் என்று அவர் அறிவித்தபோது, கூட்டத்திலே கூச்சல் எழுந்தது. எதிர்ப்பவர்களுக்குத் தெரியாமல் தலைநகரிலிருந்து ஓர் உத்தரவு பிறப்பிப்பதைவிட, எதிர்ப்பு எங்கே கடுமையாக இருக்குமோ அங்கேயே சென்று முதலில் சொல்வது நேர்மை என்று அவர் எண்ணினார். அவர் விரும்பிய கொடியிலே நீலக் கரைகளுக்கு நடுவே மூன்று சிவந்த இலைகள் இருந்தன. எல்லாக் கட்சியினரும் அடங்கிய 15 பேர் கமிட்டியோ ஒற்றை மேப்பிள் இலை கொண்ட கொடியைத் தேர்ந்தது. தம் சித்திரத்தை விட்டுக்கொடுத்து அதனை ஏற்றுக்கொண்டார் பிரதம மந்திரி. பல மாதங்கள் நீடித்த வாதத்துக்குப் பின் 1964 டிஸம்பரில் 163 பேர் ஆதரவும் 78 பேர் எதிர்ப்புமாகத் தீர்மானம் நிறைவேறி, 1965 பிப்ரவரி 15-ஆந் தேதி ஒட்டாவாவிலே அக்கொடி ஏறியது.

பென்ஷன் திட்டத்தின் வரலாறு இதைக் காட்டிலும் போதனை மிக்கது. மத்திய சர்க்கார் ஒரு திட்டத்தை வகுத்திருக்க, பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக் மாகாணத்தின் பிரதமர் ழான் லெசாஜ், 1964 ஏப்ரலில் நடந்த மகாநாட்டிலே, அதைவிடச் சிறந்த திட்டமொன்றைத் தம் மாகாணத்துக்கென வகுத்து வைத்திருப்பதை வெளியிட்டார். தேசமே இரண்டாகப் பிளந்துவிடுமோ என்று பலர் அஞ்சிய தருணம் அது. பெரும்பான்மை பலத்தை நம்பும் தலைவர் மத்திய அரசின் அதிகாரத்தைக் காட்டி மாகாணத்தை அடக்க முயன்றிருப்பார். பியர்ஸனோ தம் நம்பிக்கைக்குரியவர்களை அந்தரங்கமாகக் கியூபெக்குக்கு அனுப்பி, அம்மாகாணத் திட்டத்தின் நல்ல அம்சங்களைத் தேசியத் திட்டத்திலே சேர்த்துக்கொண்டு, கியூபெக் தன் திட்டத்தைத் தானே நடத்தவும், இரண்டும் ஒன்றோடொன்று இசைந்து செல்லவும் வழி செய்தார். சேரும் நிதியை மாகாணங்கள் கடனாகப் பெற்றுக் கல்விக்கூடங்களும் சாலைகளும் அமைக்கவும் ஏற்பாடாயிற்று. 1966 ஜனவரியில் தொடங்கிய அத்திட்டம், ஒரு தொழிலாளி நாட்டின் எந்த மூலைக்குக் குடிபெயர்ந்தாலும் அவனுடைய முதுமைக்கால உரிமை அவனோடு கூடவே செல்லும் நிலைமையை உண்டாக்கியது.

வைத்திய வசதியைப் பற்றிச் சொல்லும்போது, முதற்பெருமை சஸ்காச்சுவான் மாகாணத்துக்கும் அதன் முன்னாள் பிரதமர் டாமி டக்ளஸுக்கும் உரியது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 1962 ஜூலையில் அங்கே பொது வைத்தியத் திட்டம் அமலுக்கு வந்தபோது, டாக்டர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தும் மாகாண அரசு தளராமல் நின்றது. டீபன்பேக்கர் நியமித்த நீதிபதி ஹாலின் கமிஷன், அதே முறையைத் தேசம் முழுவதற்கும் விரிக்கலாம் என்று 1964-இல் சிபாரிசு செய்தது. புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவராகப் பார்லிமெண்டில் அமர்ந்திருந்த டக்ளஸ் வெளியிலிருந்து வற்புறுத்தினார். செலவை எண்ணித் தயங்கிய, பின்னர் நிதி மந்திரியான மிட்செல் ஷார்ப் உள்ளிருந்து தடுத்தார். இவ்விரு சக்திகளுக்கும் நடுவே நின்று, ஜனங்கள் யாவருக்கும் உரியதாய், மாகாணம் விட்டு மாகாணம் சென்றாலும் தொடர்வதாய், பொது நிர்வாகத்தில் நடப்பதாய், டாக்டர்களின் சேவை அனைத்தையும் தழுவுவதாய் அமையும் மாகாணத் திட்டங்களுக்கு மத்திய சர்க்கார் ஏறக்குறையப் பாதிச் செலவைத் தரும் என்ற நான்கு நிபந்தனைகளை 1965-இல் பியர்ஸன் அறிவித்தார். 1966 டிஸம்பரில் சட்டம் நிறைவேறியபோது எதிர்த்தவர்கள் இருவரே. ஓராண்டு தள்ளிப்போய் 1968 ஜூலை முதல் தேதி அது அமலுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன. ஒரு கட்சியின் கொள்கை, இன்னொரு கட்சி நியமித்த கமிஷனின் சிபாரிசு, மூன்றாவது கட்சியின் ஆட்சி ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய இடத்தில் பிறந்த சட்டம் அது.

குடியேற்ற முறையிலே அவர் காலத்தில் நேர்ந்த மாறுதல் தமிழர்களுக்கும் அந்நியமானதன்று. ஐரோப்பியருக்கே கதவைத் திறந்து, ஆசியரையும் ஆப்பிரிக்கரையும் வாசலிலேயே நிறுத்தி வைத்த பழைய விதிகளின் இன பேதத்தை 1962-இல் டீபன்பேக்கர் சர்க்கார் பெரும்பாலும் நீக்கியிருந்தது. 1967 அக்டோபரில் பியர்ஸன் சர்க்கார் கொண்டுவந்த விதிகள், கல்வி, தொழில் திறமை, மொழியறிவு, வயது முதலியவற்றுக்கு மதிப்பெண் அளித்து, நூற்றுக்கு ஐம்பது பெற்றவர் எந்தத் தேசத்தவரானாலும் குடியேறத் தகுதியுடையவர் என்று நிர்ணயித்தன. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடங்கொடாத அந்த அளவுகோலின் வழியே இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படித்தவர்கள் சென்று சேர்ந்தார்கள். 1983-க்குப் பின் இலங்கையை விட்டு அகதிகளாகச் சென்ற ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேறு வழியாக வந்தவர்களே எனினும், அவர்களை ஏற்ற கனடா, பல இனத்தவர் அருகருகே வாழ அதற்குள் பழகிவிட்ட கனடாவாக இருந்தது. அவர்களிலே பெரும்பாலோர் வந்து இறங்கிய டொரான்டோ விமான நிலையத்துக்கு 1984-இல் பியர்ஸனுடைய பெயரே சூட்டப்பட்டது.

இசைந்து போகும் சுபாவம் உடையவர் என்பதனால் அவரிடம் உறுதி இல்லை என்று எண்ணிவிடலாகாது. 1965 ஏப்ரல் 2-ஆந் தேதி பிலடெல்பியாவில் டெம்பிள் சர்வகலாசாலையிலே பேசும்போது, வட வியட்நாம் மீது குண்டு வீசுவதைச் சில காலம் நிறுத்திச் சமரசத்துக்கு வழிவிட வேண்டும் என்று அமெரிக்க மண்ணிலேயே நின்று சொன்னார். மறுநாள் காம்ப் டேவிட் மாளிகையில் ஜனாதிபதி ஜான்ஸன் அவரை மிகக் கடுமையாகக் கடிந்துகொண்டார். கனடாவின் ஏற்றுமதியும் தொழிலும் பெரும்பாலும் அமெரிக்காவையே நம்பியிருந்த நிலையிலும், மோட்டார் வாகன வியாபார ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று மாதங்கள்கூட முடியாத தருணத்திலும் பேசிய பேச்சு அது. வியட்நாமுக்குக் கனடியப் போர்ப்படை செல்லவும் இல்லை. 1967 ஜூலையில் மான்ட்ரியால் நகரமண்டப மாடியில் நின்று, கியூபெக் பிரிவினைவாதிகளின் கோஷத்தைப் பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் முழங்கியபோது, கனடிய மக்கள் சுதந்திர மக்கள், அவர்களுக்கு விடுதலை வாங்கித் தர எவரும் தேவையில்லை என்ற கருத்தைப் பியர்ஸன் தெளிவாக அறிவிக்கவே, டி கால் ஒட்டாவாவுக்கு வராமலே திரும்பினார். பிரெஞ்சுக் கனடியருடைய நியாயமான மனக்குறையை ஆராய 1963-லேயே இருமொழிக் கமிஷனை நியமித்தவர் ஆதலால், அந்தக் கண்டிப்பைச் சொல்லும் தார்மிக உரிமை அவருக்கு இருந்தது.

தம்மை இகழ்ந்தவரையும் தேச காரியத்துக்கு அழைக்கும் பெருந்தன்மையும் அவரிடம் இருந்தது. அமெரிக்க அணுகுண்டு முனைகளைக் கனடிய ஏவுகணைகளுக்கு ஏற்பதில்லை என்ற தம் கட்சியின் நிலையை, 1963 ஜனவரியில், தேர்தலுக்குச் சற்று முன்னர் பியர்ஸன் திடீரென்று மாற்றிக்கொண்டபோது, அவரை எழுத்திலே மிகக் கடுமையாகத் தாக்கியவர் கியூபெக்கின் இளம் அறிஞர் பியர் ட்ரூடோ. இரண்டே ஆண்டுகளில் அதே ட்ரூடோவை நண்பர்கள் இருவரோடு கட்சிக்குள் வரவேற்று, 1967-இல் நீதி மந்திரியாக்கி, 1968 ஏப்ரலில் தம் ஸ்தானத்தையே அவரிடம் ஒப்படைத்துச் சென்றார் பியர்ஸன்.

குறைகளை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அணு ஆயுத விஷயத்தில் ட்ரூடோ தொடுத்த கண்டனத்தில் நியாயம் இருந்தது. சமாதானப் பரிசு பெற்ற கைகளாலேயே அந்த ஆயுதங்களை ஏற்றது பலர் மனத்தைப் புண்படுத்தியது. 1963-இல் அப்போதைய நிதி மந்திரி வால்டர் கார்டன் சமர்ப்பித்த முதல் பட்ஜெட்டின் முக்கிய வரியொன்றை வாபஸ் வாங்க நேர்ந்தது. மந்திரிகளின் அலுவலகங்களைச் சுற்றி ஊழல் குற்றச்சாட்டுகளும் எழுந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அந்நாட்டின் ஆதிக்குடிகளின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளிகள் அவருடைய ஆட்சியிலும் தொடர்ந்தன என்பதே. சபையிலே குரல் இருந்தவர்களையெல்லாம் கேட்டுக் கேட்டு ஆண்ட தலைவரின் காலத்தில், சபையிலே குரல் இல்லாதவர்களின் துயரம் கேட்கப்படாமலே போயிற்று. ஸூயஸ் எல்லையிலே நிறுத்திய சமாதானப் படையும் 1967 மே மாதத்தில் நாஸரின் கோரிக்கைப்படி விலக்கப்பட, மறுமாதமே யுத்தம் மூண்டது. காஸாவில் இருந்த இந்தியப் போர்வீரர்கள் பலர் அதிலே உயிரிழந்தனர். பத்தாண்டு அமைதியைத் தந்த படை, அந்தப் பத்தாண்டுகளில் அரசியல் தீர்வைத் தேடாதவர்களின் அலட்சியத்தைத் தானே ஈடுசெய்ய முடியவில்லை.

பதவியை விட்ட பிறகு, உலக வங்கியின் வேண்டுகோளின்படி சர்வதேச வளர்ச்சிக் கமிஷனுக்குத் தலைமை வகித்த பியர்ஸன், செல்வ நாடுகள் தமது தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு 0.7 பங்கை ஏழை நாடுகளின் அபிவிருத்திக்காக அரசாங்க உதவியாக அளிக்க வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டு அறிக்கையிலே வற்புறுத்தினார். அந்த இலக்கை ஸ்காண்டிநேவிய நாடுகள் போன்ற சில எட்டியிருக்கின்றன. அவருடைய சொந்த நாடு இன்றுவரை எட்டியதில்லை. 1972 டிஸம்பர் 27-ஆந் தேதி புற்றுநோயால் அவர் காலமானார்.

ஒரு பிரதம மந்திரியின் காரியத்தை மதிப்பிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு என்று நான் கருதுகிறேன். அவர் செய்ததை, அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த எதிர்க்கட்சியார் என்ன செய்தார்கள் என்று பார்ப்பதே அது. பியர்ஸனுக்குப் பின் கன்ஸர்வேட்டிவ் கட்சியினர் பலமுறை கனடாவை ஆண்டிருக்கிறார்கள். பிரயன் மல்ரோனி 1984-இல், டீபன்பேக்கரையும் மிஞ்சி, 211 இடங்களைப் பெற்று வந்தார். அவர்களில் எவரும் அந்தக் கொடியை இறக்கவில்லை. பென்ஷன் திட்டத்தைக் கலைக்கவில்லை. பொது வைத்தியத்தை ஒழிக்கவில்லை. வைத்திய முறையை இன்னும் உறுதியாக்கிய 1984-ஆம் வருஷத்துச் சட்டம் பார்லிமெண்டில் ஏகமனதாகவே நிறைவேறியது. இந்த நிலைபேறு தற்செயலாக வந்ததன்று. மசோதா ஒவ்வொன்றும் சட்டமாவதற்கு முன்பே எதிர்த்தவரின் ஆட்சேபத்தைக் கேட்டு, திருத்தி, அவரும் தம்முடையது என்று சொல்லத்தக்க ஓர் அம்சத்தை ஏற்றுக்கொண்டு பிறந்தமையால், அதைப் பின்னால் அழிக்க நினைப்பவர் தம் பங்கையும் சேர்த்தே அழிக்க வேண்டியிருந்தது. தனிப் பெரும்பான்மையின் பலத்தால் ஒரே இரவில் நிறைவேறும் சட்டம், அதே பலம் மறுதரப்புக்கு வந்த இரவிலே ரத்தாகிவிடும்.

சிறுபான்மை அரசு என்பதனாலேயே நன்மை விளைந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பியர்ஸன் ஆதரவைப் பெற்ற முறையைக் கவனிக்க வேண்டும். அவர் கூட்டு மந்திரிசபை அமைக்கவில்லை. புதிய ஜனநாயகக் கட்சிக்கு ஒரு மந்திரி பதவியும் தரவில்லை. அவர்களும் கேட்டுப் பேரம் பேசவில்லை. மசோதாவின் தகுதியைப் பார்த்தே ஆதரவு வந்தது. கொள்கை மாறினால் விலகும் என்ற அச்சத்தோடேயே அந்த ஆதரவு நின்றது. பதவிகளைப் பங்கிட்டு வாங்கிய பெரும்பான்மைக்கும், வாதங்களால் ஈட்டிய பெரும்பான்மைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. முன்னையது தலைகளைச் சேர்க்கிறது. பின்னையது சம்மதத்தைச் சேர்க்கிறது.

ஆகையால், வாக்காளர்களாகிய நாம் எந்த நாட்டிலே வாழ்ந்தாலும், அசைக்க முடியாத பெரும்பான்மையைத் தருவதே நம் கடமை என்று எண்ணுவதை விட்டு, எதிரியின் பேச்சைக் கேட்கக் கற்ற தலைவரைத் தேடுவதே நம் கடமை என்று கொள்ள வேண்டும். அத்தகைய தலைவருக்குப் பெரும்பான்மை கிடைத்தால் அவர் அதை அடக்கத்தோடு ஆள்வார். கிடைக்காவிட்டால் பியர்ஸனைப்போல அதை ஒவ்வொரு மசோதாவுக்கும் புதிதாகச் சம்பாதிப்பார். கேட்கத் தெரியாதவருக்கோ 208 இடங்கள் இருந்தும் அவை அவரைக் காப்பாற்றுவதில்லை.